ஆடிக்கு முன் நேராக வேண்டிய பற்கள்

தம்பி,

நீ என் போனை எடுப்பதில்லை. அப்பா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. மண்ணூர்பேட்டையில் நீ தங்கியிருக்கும் உன் நண்பனின் அறைக்கு அப்பா இரண்டு தடவை இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் எடுத்துக்கொண்டு வந்தார். மெத்தென்று இருப்பதைத்தான் உன்னால் இப்போது மெல்ல முடியும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு தடவையும் கதவு பூட்டியிருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் உன்னிடம் வருகிறேன். நான் வேலை பார்த்த பேப்பரின் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் என்னோடு பல வருடம் வேலை செய்தவர். கொஞ்சம் இடம் வேண்டும் என்று கேட்டேன், எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். உன் பெயரையும், உனக்கு நிச்சயித்திருக்கும் பெண்ணின் பெயரையும் எழுதவில்லை. நீ பேப்பர் வாங்க மாட்டாய். ஆனால் உன் அலுவலகத்தில் யாராவது இதைப் படம்பிடித்து உனக்கு அனுப்புவார்கள் என்று நம்புகிறேன். கோபப்படு. ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு.

செய்தி எழுதும்போது முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பழகியவள் நான். இரண்டாவது பத்திக்குத் தள்ளியதே உனக்காகத்தான். உன் கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது. பல்லை நேராக்க நீ மாட்டிக்கொண்டிருக்கும் அந்த அலைனரை இப்படியே தொடர்ந்தால் அந்த நான்கையும் இழந்துவிடுவாய். கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் தெரியவில்லை. போன வியாழக்கிழமை உன் நண்பன் எனக்குப் போன் செய்து, "ஆன்ட்டி, அவன் அடுத்த செட்டும் மாட்டிட்டான். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அலைனர் என்பது பல்வரிசையின் மேல் கச்சிதமாக உட்காரும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் உறை. ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் வடிவம் மயிரிழை அளவு மாறும். பல் அந்த மயிரிழை நகர்ந்து முடிந்ததும் அடுத்ததை மாட்டிக்கொள்வார்கள். இப்படிப் படிப்படியாகப் பல்லை நேராக்குவது. சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர நாள் முழுக்க வாயிலேயே இருக்க வேண்டும். கம்பி, கிளிப் மாதிரி வெளியே தெரியாது. உன் பெரியம்மா மகளுக்கு முன்பல் நடுவில் இருந்த இடைவெளி இதனால்தான் மூடியது. அம்பத்தூரில் ஒரு பல் மருத்துவர் அவளுக்கு முதலில் எக்ஸ்ரே எடுத்தார், ஈறைச் சுத்தம் செய்தார், உறை பிடித்துக்கொள்வதற்காகப் பல்லின் மேல் சின்னச் சின்ன மேடுகளை ஒட்டினார், சில வாரங்களுக்கு ஒருமுறை வரவழைத்துப் பார்த்தார். இப்போதும் அவள் ராத்திரியில் ஒரு உறையை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடுமாம். அவள் சிரிப்பைப் பார்த்துத்தான் உனக்கும் ஆசை வந்தது. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. அலைனர் மேலும் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஏன் ஆசை வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நாம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது உனக்கு மேல்பக்கம் தெத்துப்பல் முளைத்தது. அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவை. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று எதிர் பிளாக் அக்கா உன் கன்னத்தைக் கிள்ளுவார். பெண் பிள்ளைக்கு இருந்தால் அழகு, இவனுக்கு எதற்கு என்று மாடியில் இருந்தவர் சிரிப்பார். நீ இரண்டாவது பேச்சைத்தான் மனதில் வைத்துக்கொண்டாய். பள்ளி அடையாள அட்டையிலிருந்து அலுவலக அட்டை வரைக்கும் உன் எல்லாப் படத்திலும் வாய் மூடியே இருக்கிறது. வரன் பார்க்க ஆரம்பித்த பிறகு ஒரு பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பையன் வேலை நல்லது, குணம் நல்லது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "பல்லு மட்டும் கொஞ்சம் பாக்க ஒரு மாதிரியா கீதுன்னு பொண்ணு சொல்லுது, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் நீ தண்ணீர் பாட்டிலோடு ஃப்ரிட்ஜ் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். அப்படியே உன் அறைக்குப் போய்விட்டாய்.

அதன் பிறகுதான் நீ அதே அம்பத்தூர் மருத்துவரிடம் போனாய். அவர் உனக்குச் சொன்னதை நீயே என்னிடம் சொன்னாய். ஈறு வீங்கியிருக்கிறது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். இவ்வளவு மேலே ஏறித் திரும்பி நிற்கும் தெத்துப்பல்லை அலைனரால் மட்டும் இறக்குவது கஷ்டம், கிளிப் போடுவதுதான் நல்லது. ஒன்றரை வருடமாவது ஆகும். உனக்கு அது பிடிக்கவில்லை. கம்பியோடு மணவறையில் உட்கார முடியாது என்றாய். அடுத்த வாரமே போனில் விளம்பரம் பார்த்து ஒரு கம்பெனியைப் பிடித்தாய். ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேனா மாதிரி ஒரு கேமராவை உன் வாய்க்குள் விட்டுப் படமெடுத்தார். நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். எக்ஸ்ரே இல்லை. ஈறைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கொஞ்ச நாளில் எல்லா செட்டும் மொத்தமாக ஒரு பெட்டியில் வந்துவிட்டன. அதன் பிறகு உனக்கும் அவர்களுக்கும் நடுவில் போன் மட்டும்தான். நீ பல்லைப் படமெடுத்து அனுப்புவாய், அங்கிருந்து யாரோ சூப்பர் என்று பதில் போடுவார்.

தம்பி, என் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரு கேள்வியைத்தான். இதைச் சொல்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? மேம்பாலத்தில் விரிசல் இல்லை என்று ஒருவர் சொன்னால், நீங்கள் பாலத்துக்குக் கீழே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்பேன். உனக்குச் சூப்பர் என்று பதில் போட்டவர் உன் வாயைப் பார்த்ததே இல்லை. உன் போன் எடுத்த படத்தைத்தான் பார்த்தார். படத்தில் பல் தெரியும், எலும்பு தெரியாது. நீ மாதக் கணக்கில் உன் வாயை அவரிடம் ஒப்படைத்திருந்தாய்.

அதுவும் ஒழுங்காகவே போயிருக்கலாம், கல்யாணத் தேதி மாறாமல் இருந்திருந்தால். முதலில் ஆவணி என்றுதான் பேசினோம். பூந்தமல்லியில் பெண் வீட்டில் பேசி முடித்தபோது நீயும் ஆவணி வரைக்கும் கணக்குப் போட்டு, கடைசி செட் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் முடியும் என்று சந்தோஷமாக இருந்தாய். பிறகு துபாயில் இருக்கும் பெண்ணின் தாய்மாமாவுக்கு அப்போது லீவு கிடையாது என்று தெரிந்தது. தாய்மாமா இல்லாமல் மாலை எடுத்துக் கொடுப்பது யார்? ஆடியில் வைக்க முடியாது. ஆனிக் கடைசி முகூர்த்தம் என்று முடிவானது. பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று எதையெதையோ முன்னால் இழுத்தோம். நீ உன் அறையில் உட்கார்ந்து உன் பல்லை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு செட்டுக்கும் சொன்ன நாளில் பாதி நாள் மட்டும் போட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினாய். வலிக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டாய். பஞ்சாங்கத்துக்குத் தகுந்தபடி மண்டபத்தை மாற்றலாம். எலும்புக்கு ஆடி எது ஆவணி எது என்று தெரியாது.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. பந்தியில் உட்கார்ந்ததும் யாருக்கும் தெரியாமல் அலைனரைக் கழற்றி, கை துடைக்கும் காகிதத்தில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தாய். பெண்ணின் சித்தப்பா வந்து கையைப் பிடித்து இழுக்க, அப்படியே எழுந்து போய்விட்டாய். இலையை எடுப்பவர்கள் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீயும் அப்பாவும் மண்டபத்துக்குப் பின்னால் குப்பை டிரம்மில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அங்கே இலை அள்ளிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"இன்னா நைனா, மோதிரம் உய்ந்திச்சா?"

"மோதிரம் இல்லப்பா. பல்லு."

"பல்லா? மாப்ளைக்கா? இந்த வயசுலயேவா?"

"பல்லு இல்லப்பா, பல்லுக்கு மேல மாட்டுற உறை."

"பல்லுக்கு இன்னாத்துக்கு நைனா ஒற? இன்னா, குளுருதா?"

நீகூடச் சிரித்தாய். வாயைத் திறந்து சிரித்தாய், நான் பார்த்தேன். மேல்வரிசை உறை பாயசத்தோடு கிடைத்தது. கீழ்வரிசை உறை கிடைக்கவே இல்லை. அன்று ராத்திரியே நீ கீழ்வரிசைக்கு அடுத்த செட்டை மாட்டிக்கொண்டாய், போட வேண்டிய நாள் வரவில்லை என்று தெரிந்தும். அது பொருந்தவில்லை என்றும், கடித்துக் கடித்து உட்கார வைத்ததாகவும் பிறகு சொன்னாய். அதற்குப் பிறகு வாஷ்பேசினில் நான் ரத்தம் பார்த்தேன். பிரஷ் கடினமாக இருக்கிறது என்றாய். உப்புத் தண்ணீரில் கொப்பளி என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

பல் ஆடுவதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, உனக்கு நிச்சயித்திருக்கும் பெண்தான். உங்கள் இரண்டு பேரையும் பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிட அனுப்பினோமே, அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "அத்த, அவரு கீழ்ப்பல்லு ஆடுது. ஒரு எலும்பக் கடிச்சிட்டு அப்டியே கண்ண மூடிக்கினாரு. உங்க கையில சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. நான் சத்தியம் பண்ணிட்டு சொல்லிகினு இருக்கேன்." பிறகு அவளே தன்னைச் சமாளித்துக்கொண்டு, "பல்லு நேரா இல்லன்னா போட்டோகிராபர்தான் கவலப்படணும். பல்லே இல்லன்னா நான்ல காலம்பூரா பாத்துக்கினு இருக்கணும்?" என்றாள். சிரித்தாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதனால்தான் உன்னை வேலப்பன்சாவடியில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு அங்கே உன்னைப் பார்த்த பேராசிரியர் அம்மா பேசியதில் ஒரே ஒரு வார்த்தைதான் உன் காதில் விழுந்தது, நிறுத்து என்ற வார்த்தை. நான் பையிலிருந்து பேப்பர் எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன், அது என் பழக்கம். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் மாட்டி, உன் முன்பற்களின் வேரைச் சுற்றி எலும்பு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பென்சில் முனையால் காட்டினார். பல்லைத் தள்ளினால் ஒரு பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் புது எலும்பு வளரும், இரண்டுக்கும் நேரம் வேண்டும், அப்படித்தான் பல் நகருகிறது என்றார். ஈறில் நோய் இருந்தால் கரைவது மட்டும் நடக்கும், வளராது என்றார். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "அலைனர் தப்பே இல்லம்மா, நானே எத்தனையோ பேருக்குப் போடறேன். ஆனா ஈறு கெட்டுப்போன எடத்துல பல்லத் தள்ளினா, பல்லு நகராது, கழண்டுதான் வரும்."

காப்பாற்ற முடியுமா என்று நான் கேட்டபோது நீ வெளியே போய்விட்டாய். பதிலை நீ கேட்கவில்லை, இப்போது கேள். இன்றோடு அலைனரை நிறுத்த வேண்டும். ஆனால் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது, பிடிப்பில்லாத பல் நாக்கு தள்ளுகிற பக்கம் எல்லாம் போகும். நான்கு பல்லையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்து உள்பக்கமாக மெல்லிய கம்பியால் ஒட்டிக் கட்டுவார்கள். யார் கண்ணுக்கும் தெரியாது, கல்யாணப் போட்டோவிலும் தெரியாது. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வார்கள். சில மாதம் காத்திருந்து பார்ப்பார்கள். ஈறு ஆறினால், பல் இறுகினால், பிறகு ஒரு மருத்துவர் கையில் நிதானமாக நேராக்குவதைப் பற்றிப் பேசலாம். "நிக்கும்னு நம்பறேன். உறுதி குடுக்க மாட்டேன். ஆனா ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போனா, நம்பறேன்னு சொல்லக்கூட முடியாது" என்றார். எத்தனையோ அதிகாரிகளிடம் எத்தனையோ உறுதிமொழிகளை வாங்கி எழுதியிருக்கிறேன். உறுதி கொடுக்க மாட்டேன் என்று சொன்ன இவரைத்தான் நான் நம்புகிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ என் பக்கம் பார்க்காமல் சொன்னாய்: "உனக்கு எப்பவும் ஒரு நியூஸ் வேணும்மா. இப்ப நான்." மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்த இடத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. நீ இறங்கி நடந்து போய்விட்டாய். சாயங்காலம் வந்து துணிகளை எடுத்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குப் போனாய். இதைப் படிக்கும்போது நீ சொன்னது சரிதான் என்று உனக்குத் தோன்றும். பெற்ற பிள்ளையின் வாயைப் பேப்பரில் எழுதிவிட்டாளே என்று தோன்றும். தோன்றட்டும். நீ என்னை வெறுத்துக்கொண்டே முழுப் பல்லோடு இருந்தாலும் எனக்குப் போதும்.

இன்னும் மூன்று செட்தான் மீதி, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் முடிந்துவிடும் என்று உன் நண்பனிடம் சொன்னாயாம். அந்த மூன்று செட்டும் முடிந்து உன் பல் நேராக நிற்பதாகவே வைத்துக்கொள். எதன் மேல் நிற்கும்? முகூர்த்தம் முடிந்த பிறகும் உனக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆப்பிளைக் கடிக்க வேண்டும், கரும்பைக் கடிக்க வேண்டும், யாராவது நகைச்சுவை சொன்னால் யோசிக்காமல் சிரிக்க வேண்டும். பல்லைச் சொல்லி உன்னை வேண்டாம் என்ற அந்த வீட்டுக்காரர்களுக்காக இதையெல்லாம் கொடுத்துவிடாதே. அவர்கள் உன்னை மறந்து எத்தனையோ நாள் ஆகிறது. உன்னை வேண்டும் என்று சொன்னவள் பூந்தமல்லியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

நேற்று அவள் என்னிடம் தாலி கட்டும் நாளைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டாள். வீட்டில் சண்டை வந்தாலும் பரவாயில்லை, மாமாவிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றாள். தள்ளிவைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொன்னேன். நீ வந்தால் கம்பி கட்ட ஒரு காலை நேரம் போதும் என்று அந்தப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். ஆனால் நீ வருவாயா என்று அவள் கேட்டபோது போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

இது வெளியாவது ஞாயிறு. நாளை திங்கட்கிழமை காலை சீட்டு கொடுக்கும் நேரத்துக்கு முன்னாலேயே நான் வேலப்பன்சாவடியில் அந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் நிற்பேன். உன் பெயரில் சீட்டு வாங்கி வைத்திருப்பேன். நாளை வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் நிற்பேன், அதற்கு மறுநாளும் நிற்பேன். எனக்கு வேறு வேலை இல்லை. அப்பா கூட வரக் கூடாது என்றால் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன். அவள் வரக் கூடாது என்றால் அவளுக்கும் சொல்லிவிடுகிறேன். நானும் கூடாது என்றால் சீட்டை உன் கையில் கொடுத்துவிட்டு வெளியே பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கோபத்தோடேயே வா. என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்தப் பேராசிரியர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டு, அது போதும்.

அம்மா